மலேரியாதான் ஒழிந்துவிட்டதே, மச்சானிடம் ஏன் இரத்தம் கேட்கிறார்கள்?

வாசகர் கேள்வி, பெப்ரவரி 6, இரவு 9.40

மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே சான்றிதழ் தந்துவிட்டது. இப்போது மொசாம்பிக்கில் வேலை செய்துவிட்டுப் போன கிழமை வந்த என் மச்சானிடம் இரத்தம் எடுக்க வேண்டும் என்று வீட்டுக்கே ஆள் வந்து நிற்கிறார். மச்சானோடு அங்கே ஒரே அறையில் இருந்த ஒருவருக்கு மலேரியாவாம். மச்சானுக்கோ ஒரு தடிமன்கூட இல்லை, நேற்று நிலாவெளியில் கடலில் குளித்துவிட்டு வந்து கொத்து ரொட்டி சாப்பிடுகிறார். உப்புவெளியில் எங்கள் வளவைச் சுற்றிப் பறப்பதெல்லாம் டெங்கு நுளம்பு. மலேரியா நுளம்பே இல்லாத ஊரில் இது வீண் வேலையா இல்லையா? அந்த ஆள் நாளைக்கும் வருவாராம்.

பெப்ரவரி 6, இரவு 10.15

கொடுக்கச் சொல்லுங்கள். விரலில் ஒரு குத்து, அவ்வளவுதான். காரணம் காலையில் எழுதுகிறேன்.

பெப்ரவரி 7, காலை 6.30

இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் மலேரியா சிலைட், அதாவது கண்ணாடித் துண்டில் பூசிய இரத்தம், பார்த்தே கண் பழுதான ஆள் நான். ஓய்வு எடுத்துக் கனகாலம். கேட்க ஆள் கிடைத்தால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016 செப்டெம்பர் 5இல் சான்றிதழ் கிடைத்தது உண்மை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானவர், அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் இங்கே யாருக்கும் தொற்றவில்லை என்று காட்டித்தான் அதை வாங்கினோம். ஆனால் ஒழிந்தது நம் ஆட்களின் இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணி. நுளம்பு எங்கேயும் போகவில்லை. அனோபிலிஸ் கூலிசிபேசீஸ் என்று பெயர், நம் வறண்ட வலயத்து ஆற்றுப் படுகைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டிருக்கிறது, சான்றிதழை யாரும் அதற்கு வாசித்துக் காட்டவில்லை.

நுளம்பு பிறக்கும்போது அதனிடம் மலேரியா கிடையாது. தாய் நுளம்பு குஞ்சுக்குக் கொடுப்பதும் கிடையாது. ஏற்கெனவே மலேரியா உள்ள மனிதனைக் கடித்தால்தான் அதற்குக் கிடைக்கும், அதுவும் பெண் நுளம்புக்கு மட்டும், ஆண் பூந்தேன் குடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியின் ஆண் வடிவமும் பெண் வடிவமும் தனித்தனியாகச் சுற்றுகின்றன. நுளம்பின் வயிற்றுக்குள் போய்த்தான் அவை சேரும். சேர்ந்து, வயிற்றுச் சுவரில் கொப்புளமாக வளர்ந்து, அது வெடித்து, உள்ளே இருந்தவை உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர நம் ஊர் வெக்கையில் பத்துப் பன்னிரண்டு நாள் எடுக்கும். அதன் பிறகு அந்த நுளம்பு யாரைக் கடித்தாலும் உமிழ்நீரோடு சேர்த்து இறக்கிவிடும். கடிபட்டவரின் உடம்பில் முதலில் ஈரலுக்குப் போய் அங்கே பெருகி, பிறகுதான் செங்குருதிக்கலங்களுக்குள் புகும்.

ஆகவே தம்பி, மச்சானிடம் எடுக்கும் அந்தச் சொட்டு மச்சானுக்காக மட்டும் இல்லை. நுளம்பு இருக்கிறது, வெக்கை இருக்கிறது, கடிபட ஆட்கள் இருக்கிறார்கள். இல்லாதது ஒட்டுண்ணி ஒன்றுதான். அது இனி வருவதென்றால் மனிதனின் இரத்தத்துக்குள் இருந்து, விமானத்தில் சீட்டு எடுத்து வரும்.

பெப்ரவரி 7, பகல் 1.10

காய்ச்சல் இல்லையே என்பதற்குப் பதில் சொல்ல விட்டுப்போனது. மலேரியா மண்டிய ஊரில் வருடக்கணக்காக இருந்து திரும்பத் திரும்பக் கடிபட்டவருக்கு உடம்பு ஓரளவு பழகிப்போகும். இரத்தத்தில் கொஞ்சம் ஒட்டுண்ணி இருக்கும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது, கொத்து ரொட்டி இறங்கும். அந்த மாதிரி ஆளிடமிருந்தும் நுளம்புக்குக் கிடைக்கும். மற்றது, கடிபட்ட உடனே காய்ச்சல் வராது, ஈரல் கட்டம் முடிய ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ ஆகும். வந்திறங்கி ஒரு கிழமைதான் என்றால் இன்னும் எதுவும் சொல்ல முடியாது.

பெப்ரவரி 7, இரவு 8.00

அன்ரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கா போதும்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. மச்சானைக் கடித்துவிட்டுப் பறந்து வந்து அதே இரவில் என்னைக் கடித்தால் எனக்கும் வருமா? வராது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் கழிய வேண்டும். நுளம்பின் ஆயுளே அவ்வளவுதான் என்பதால் பெரும்பாலானவை அதற்குள் செத்துவிடும், பல்லியின் வாயில், சிலந்தி வலையில், நம் கையில். தப்பிப் பிழைத்த கிழட்டு நுளம்புதான் ஆபத்தானது. மருந்தடிப்பதன் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. எல்லா நுளம்பையும் கொல்ல யாராலும் முடியாது, தேவையும் இல்லை. அதைக் கிழடாக விடாமல் பார்த்துக்கொண்டால் சங்கிலி அறுந்துபோகும். நுவரெலியாவில் ஏன் மலேரியா இருந்ததில்லை என்று யோசித்தீர்களா? குளிரில் ஒட்டுண்ணி நுளம்புக்குள் வளர எடுக்கும் காலம் நீண்டுகொண்டே போகும், ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே வளர்ச்சியே நின்றுவிடும். ஒட்டுண்ணி முதிர முன்னம் நுளம்புக்கு வயது போய்விடும்.

ஊசி மாற்றிப் போட்டால், நோயாளியின் இரத்தம் ஏற்றினால் நுளம்பு இல்லாமலும் வரலாம். இரத்த வங்கியில் வெளிநாடு போனீர்களா என்று கேட்பது அதனால்தான். தொட்டால், இருமினால், ஒரே கோப்பையில் சாப்பிட்டால் வராது. மச்சானின் தட்டைத் தனியாக வைக்கத் தேவையில்லை.

பெப்ரவரி 8, காலை 7.45

குளத்துத் தண்ணீர் குடித்துத்தான் மலேரியா வரும் என்று அப்பாச்சி சொல்வா என்று ஒரு தங்கச்சி சிரித்து எழுதியிருக்கிறா. சிரிக்க வேண்டாம். நுளம்பு ஆராய்ச்சியின் பெரிய தலை பேட்ரிக் மான்சனும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்தார். 1877இல் சீனாவில் இருந்தபோது யானைக்கால் புழுவை நுளம்பு மனிதனின் இரத்தத்திலிருந்து உறிஞ்சி எடுக்கிறது என்று காட்டியவர் அவர். நுளம்பு முட்டையிட்டுத் தண்ணீரிலேயே செத்துவிடும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்பது அவருடைய கணக்கு. அவர் சொல்லித்தான் றொனால்ட் றொஸ் இந்தியாவில் தேட ஆரம்பித்தார், நுளம்பு செத்த தண்ணீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துக்கூடப் பார்த்தார். கடைசியில் 1897 ஓகஸ்ட் 20இல் செகந்தராபாத்தில் ஒரு நுளம்பின் வயிற்றுச் சுவரில் அந்தக் கொப்புளத்தைக் கண்டார். அடுத்த வருடம் கல்கத்தாவில் குருவிகளின் மலேரியாவை வைத்து, கடிப்பதால்தான் பரவுகிறது என்று நிரூபித்தார். மனிதனுக்குக் கடத்துவது அனோபிலிஸ்தான் என்பதை அதே 1898இல் கிராசியும் கூட்டாளிகளும் இத்தாலியில் காட்டினார்கள். 1902இல் நோபல் பரிசு றொஸ்ஸுக்கு மட்டும் போனது, கிராசிக்கும் அவருக்கும் இடையில் சாகும்வரை வாய்ச்சண்டை. அது வேறு கதை.

அப்பாச்சி இடத்தைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறா. குளம்தான். குடிக்கும் குடத்தை விட்டுவிட்டுக் கரையைப் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 8, இரவு 9.30

கோட்டைக்குள்ளே கோணேசர் கோயில் வாசலில் நின்று பிஸ்கட் கேட்கும் மான்களுக்கும் மலேரியா வருமா என்று ஒருவர். நமக்கு வருகிற மலேரியா மானுக்கும் வராது, மாட்டுக்கும் வராது. ஆனால் கேள்வி அவர் நினைத்த அளவு பகிடி இல்லை. கூலிசிபேசீஸுக்கு மனிதனை விட மாட்டைக் கடிக்கத்தான் கூடுதல் ஆசை. மாட்டில் குடித்த இரத்தம் ஒட்டுண்ணிக்குப் பிரயோசனம் இல்லை, கடி வீணாகிப்போகும். திருகோணமலை வீதியில் படுத்துக் கிடந்து பஸ்ஸை மறிக்கும் மாடுகள் நமக்கு அந்த வகையில் கொஞ்சம் உபகாரம் செய்கின்றன என்று சொல்லலாம். அதற்காக முற்றத்தில் மாடு கட்டிவிட்டு வலையைக் கழற்றிவிடாதீர்கள், மாட்டைத் தேடி வந்தது உங்களையும் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகும்.

இந்த ஆசையை வைத்தே நுளம்பு பிடிப்பார்கள். பின்னேரம் ஒரு கன்றைப் பெரிய வலைக்கூடாரத்துக்குள் கட்டுவார்கள். இரவு முழுக்க நுளம்பு வந்து குடித்துவிட்டு வலையின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். விடியப்புறம் ஆள் உள்ளே போய், ஒரு முனை கண்ணாடிக் குழாய், மறு முனை இறப்பர்க் குழாய், இறப்பரை வாயில் வைத்து ஒவ்வொரு நுளம்பாக உறிஞ்சி எடுப்பார். இடையில் துணி வலை இருக்கிறது, வாய்க்குள் போகாது. முதல் தரம் பார்ப்பவர் யாரும் அதை நம்புவதில்லை. பிடித்ததை மேசையில் கொட்டி அனோபிலிஸ் எத்தனை, அதில் கூலிசிபேசீஸ் எத்தனை என்று பிரிப்பார்கள். நுளம்பு இருக்கிறதா இல்லையா என்று தம்பி கேட்டதற்கு இப்படித்தான் பதில் தேடுவது, வளவில் நின்று கையால் அடித்துப் பார்த்து இல்லை.

பெப்ரவரி 9, மாலை 4.20

மலேரியா நுளம்பைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். வடிவாகக் கண்டுபிடிக்கலாம், கஷ்டம் இல்லை. அனோபிலிஸ் சுவரில் இருக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கி, தலையைக் கீழே குத்திச் சரிவாக நிற்கும். மற்ற நுளம்பு சுவருக்குச் சமாந்தரமாக, கூன் விழுந்த மாதிரி உட்காரும். புழுவும் அப்படி. வாளித் தண்ணீரில் தலைகீழாகத் தொங்கி, வாலில் உள்ள குழாயால் மூச்சு விடுவது டெங்கு நுளம்பின் புழு, அல்லது சாக்கடை நுளம்பினது. அனோபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை, தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். நிழல் பட்டால் சடாரென்று பின்னோக்கி இழுத்துக்கொண்டு கீழே போகும்.

நேரமும் வேறு. டெங்கு நுளம்பு பகல் கள்ளன். அனோபிலிஸ் பொழுது பட்ட பிறகு வரும், வந்தாலும் காதுக்குள் பெரிய சத்தம் போடாது. ஆகவே வளவில் பகலில் கடிப்பதை வைத்து மலேரியா நுளம்பு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, தம்பி.

பெப்ரவரி 10, காலை 10.00

மழைக்காலத்து நோய்தானே, இப்போது மழை முடிந்துவிட்டதே என்று மூதூர் அண்ணை எழுதியிருக்கிறார். அண்ணை, நம் பக்கத்தில் மாரி மழை ஓய்ந்த பிறகு வருகிற இந்த மாதங்கள்தான் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி நிறையும் மாதங்கள். மழை அடிக்கும்போது புழு எல்லாம் அள்ளுண்டு போகும். மழை விட்டு, ஆறு இறங்கி, தெளிந்த தண்ணீர் வெயிலில் தேங்கி நிற்கும்போதுதான் அதற்குக் கொண்டாட்டம். உங்கள் ஊர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக்குடாவில் விழ முன்னம் மணலைப் பரப்பி வைத்திருக்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வடிந்ததும் மணல் குழிகள், மாட்டுக் குளம்புத் தடங்கள் எல்லாவற்றிலும் கண்ணாடி மாதிரித் தண்ணீர். அழுக்குத் தண்ணீர் கூலிசிபேசீஸுக்குப் பிடிக்காது. வேலையில் இருந்த காலத்தில் ஒரு அகப்பையால் அப்படி ஒரு தடத்தில் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினால் முதலில் மணல் மட்டும்தான் தெரியும். தட்டை அசைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஒன்று அசையும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பார்க்கப் பார்க்கத் தட்டு முழுக்க.

1934-35இல் நடந்ததும் இதன் பெரிய வடிவம். கேகாலை, குருநாகல் பக்கம் மழை பொய்த்து, ஓடும் ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. வருடம் முழுக்க ஆறு ஓடுவதால் மலேரியா பெரிதாகக் காணாத சனம், உடம்பில் எதிர்ப்புச் சக்தி கிடையாது. ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். வரட்சியால் வந்த மலேரியா. வறண்ட வலயத்தில் மழைக்குப் பின், ஈர வலயத்தில் மழை பொய்த்தால். தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீர் எப்போது கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

பெப்ரவரி 10, மாலை 6.40

வரலாறு பிடித்த ஒருவர் றொபேட் நொக்ஸை இழுத்திருக்கிறார். ஓம், 1660இல் கொட்டியாரத்தில் அப்பனோடு பிடிபட்ட வெள்ளைக்காரன், மூதூரில் ஒரு புளியமரத்தைச் சொல்வார்கள். கண்டி அரசின் காவலில் இருந்தபோது அப்பனுக்கும் மகனுக்கும் குளிர்க்காய்ச்சல் கண்டு, 1661இல் அப்பன் இறந்துபோனார். மலேரியாவாக இருக்கலாம். ஆனால் அது நடந்தது உள்நாட்டில், பழியைக் கொட்டியாரத்து நுளம்பின் மேல் போடாதீர்கள்.

பெப்ரவரி 12, இரவு 9.15

மலேரியா வந்தால் எப்படி இருக்கும் என்று பெடியள் கேட்கிறார்கள். ஒரு தலைமுறைக்குத் தெரியாமல் போயிருக்கிறது என்பது நல்ல விஷயம்தான், ஆனால் கேட்கும்போது ஏதோ மாதிரி இருக்கிறது.

தம்பலகாமத்தில் அம்மம்மா வீட்டில் இருந்த காலத்தில் எங்களுக்கு வந்தது விவாக்ஸ் வகை. முதலில் குளிர். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் பற்கள் அடித்துக்கொள்ளும், சாக்கு, போர்வை, பாய் என்று என்ன போட்டாலும் நிற்காது, கட்டில் ஆடும். பிறகு கொதி. கண் சிவந்து, தலை பிளந்து, வாய் காய்ந்து, யார் என்ன சொன்னாலும் கோபம் வரும். பிறகு வியர்வை, பாயில் ஆளின் உருவம் ஈரமாகத் தெரியும் அளவுக்கு. முடிந்ததும் அப்படி ஒரு சுகம், எழும்பிப் போய்ச் சோறு கேட்போம். அடுத்த நாள் ஒன்றும் இராது. அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்குத் திரும்பக் குளிரும். 48 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் செங்குருதிக்கலங்கள் ஒரே நேரத்தில் வெடிப்பதால் வரும் முறை அது. அம்மம்மா மணிக்கூட்டைப் பார்த்துப் போர்வையை எடுத்து வைப்பா.

குளோரோகுயின் குளிசையின் கசப்பு நாக்கில் இல்லை, தொண்டைக்குள்ளே இருக்கும். வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்கி, பிறகு வாழைப்பழத்தையே வெறுத்த ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் எனக்கு இருக்கிறான்.

விவாக்ஸிடம் ஒரு கள்ளப் புத்தி உண்டு. சில ஒட்டுண்ணிகள் ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதக்கணக்கில் கழித்து எழும்பி வரும். இரத்தத்தில் உள்ளதைக் குளோரோகுயின் கொல்லும், உறங்குவதைத் தொடாது. அதற்குப் பிரைமாகுயின், 14 நாள். மூன்றாம் நாள் சுகமாகிவிட்டது என்று மிச்சக் குளிசையை யன்னலால் எறிந்தவர்கள்தான் அடுத்த மாரியில் திரும்ப வரிசையில் நிற்பார்கள். சிலருக்கு இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவு, அவர்களுக்கு இந்த மருந்து செங்குருதிக்கலங்களை உடைத்துவிடும், ஆகவே சோதித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பழைய குளிசை வீட்டில் கிடந்தால் நீங்களாகப் போடாதீர்கள்.

ஆப்பிரிக்காவில் கூடுதலாக இருப்பது பல்சிபாரம். அது இந்தக் குளிர், கொதி, வியர்வை முறையெல்லாம் பார்ப்பதில்லை. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போனால் இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். மச்சானுக்குப் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பெப்ரவரி 13, காலை 8.10

மருந்தடித்த காலத்தை நினைவுபடுத்திய கிண்ணியா நானாவுக்கு: அந்த மலத்தியன் நாற்றத்தை மறக்க முடியுமா நானா. காக்கி உடுப்போடு வருவார்கள், சட்டி பானை, உடுப்புப் பெட்டி, சாமிப் படம் எல்லாம் முற்றத்துக்கு வரும். சுவரில் வெள்ளையாகக் கோடு கோடாக இறங்கும். நுளம்பு குடித்து முடித்து, கனத்த வயிற்றோடு பக்கத்துச் சுவரில் ஓய்வெடுக்கும் பழக்கம் உள்ளது, அந்த இடத்தில் பிடிப்பதுதான் திட்டம். நம் சனம் என்ன செய்யும்? நாற்றம் தாங்காமல் அடுத்த கிழமையே மண்ணும் சாணமும் குழைத்துச் சுவரை மெழுகிவிடும். மருந்து உள்ளே, நுளம்பு வெளியே. பிரச்சினைக் காலத்தில் மருந்து வண்டி ஒரு ஊருக்குப் போவதற்கே இரண்டு பக்கமும் கதைத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அப்படிக் கொண்டுபோய் அடித்ததை மெழுகினால் வயிறு எரியுமா இல்லையா. பிறகு மருந்தூட்டிய வலை வந்தது. அதில் பாதி வலை கோழிக்கூட்டிலும் கீரைப் பாத்தியிலும் கிடந்ததை நானே கண்டிருக்கிறேன்.

டிடிடியைப் பற்றிக் கேட்டீர்கள். 1940களின் நடுவில் தொடங்கினார்கள், 1963இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. முடிந்தது என்று கையைக் கழுவினார்கள், தெளிப்பது குறைந்தது, காசு வேறு வேலைக்குப் போனது. 1969இல் 5 இலட்சத்துக்கும் மேல். 1999இலும் 2 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியது. இப்போது பூச்சியம் என்றதும் சிலருக்கு வருகிற நிம்மதி எனக்கு வராததற்கு அந்த 17தான் காரணம்.

பெப்ரவரி 15, மாலை 5.30

மச்சானின் சோதனையில் ஒன்றும் இல்லையாம். சந்தோஷம். ஆனால் திரும்பவும் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் தம்பிக்கு ஏறிவிட்டது, முன்னமே சொன்னேனே வீண் வேலை என்று எழுதியிருக்கிறார்.

ஒரு சிலைட்டில் இல்லை என்றால் அந்தச் சொட்டில் அன்று இல்லை என்று அர்த்தம். எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால் கோபம் குறையும். விரலைக் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்போம். ஒரே கண்ணாடியில் தடித்த படலம் ஒன்று, மெல்லிய படலம் ஒன்று. தடித்த படலத்தைப் பத்திரிகை மேல் வைத்தால் கீழே உள்ள எழுத்து மட்டுமட்டாகத் தெரிய வேண்டும், அதுதான் அளவு. காயும்வரை காவல் இருக்க வேண்டும், கொஞ்சம் கண் அசந்தால் எறும்பு வந்து தடித்த படலத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும், வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். பிறகு கீம்சா சாயம், எண்ணெய், பெரிய வில்லை. குறைந்தது 100 பார்வைப்புலமாவது நகர்த்திப் பார்க்காமல் இல்லை என்று எழுதக்கூடாது. ஒட்டுண்ணியின் உடம்பு நீலம், உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. சாயத் தூசியும் அதே நிறத்தில் பல்லைக் காட்டும், புதிதாக வந்த பெடியள் பத்து ஒட்டுண்ணி கண்டதாகக் கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் பத்தும் தூசி. பல்சிபாரத்தின் ஆண் பெண் வடிவங்கள் மட்டும் பிறை மாதிரி வளைந்து கிடக்கும், அதில் ஏமாற முடியாது. அவை முதிர்ந்து இரத்தத்துக்கு வரவும் பத்து நாள் அளவில் எடுக்கும்.

ஆகவே நாள் விட்டுத் திரும்ப எடுப்பது முறை. கொடுக்கச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 17, இரவு 10.05

டெங்கா மலேரியாவா என்று குழம்புவதைப் பற்றி நானா எழுதியது முழுக்க உண்மை. 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் காய்ச்சல் என்றாலே எல்லோருக்கும் டெங்குதான் முதலில் வரும், அதில் பிழை சொல்ல முடியாது. டெங்கு வைரசு, மலேரியா ஒட்டுண்ணி, இரண்டிலும் தட்டணுக்கள் இறங்கும். அறிக்கையில் அந்த இலக்கத்தைப் பார்த்ததும் டெங்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

என் அண்ணனின் மகனுக்கு நடந்தது. இந்தியாவில் வேலைக்குப் போய் வந்தவன், மாதங்கள் கழித்துக் காய்ச்சல். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாள் தவறாமல் தட்டணு எண்ணி, சேலைன் ஏற்றி, பப்பாசி இலைச் சாற்றைக் கூட யாரோ கொண்டுவந்து கொடுத்து, ஒருவர் கூட எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்வது என்கிறான். நான் போய்ப் பார்த்தபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொதிக்கிறது என்று அண்ணி சொன்னா. அம்மம்மாவின் மணிக்கூடு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிலைட் எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டேன். விவாக்ஸ். இளம் வைத்தியர்கள் பலர் மலேரியாவைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், அவர்களை நோவதை விட நாம் வாயைத் திறப்பது சுகம். வெளிநாடு போய் வந்தவருக்கு ஒரு வருடத்துக்குள், ஏன், அதற்குப் பிறகும்கூட, காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் முதல் வசனமே போன நாட்டின் பெயராக இருக்கட்டும்.

பெப்ரவரி 18, காலை 7.00

ஆப்பிரிக்கா போனவர்களைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கிறீர்களே என்று ஒருவர். அப்படி யாரும் பார்த்தால் அவர்களைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். மாணிக்கக்கல் வியாபாரிகள், அமைதிப்படைக்குப் போன இராணுவத்தினர், யாத்திரை போனவர்கள், கனடா போகப் புறப்பட்டு மேற்கு ஆப்பிரிக்காவில் மாட்டுப்பட்டுத் திரும்பிய நம் பெடியள், எல்லோரிடமும்தான் எடுத்தார்கள். மறைத்தால்தான் சிக்கல். 2018 கடைசியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் இரத்தத்தில் இருந்தது இங்கேயே நுளம்பு வழியாக இன்னொருவருக்குப் போனது, சான்றிதழுக்குப் பிறகு முதல் தடவை. உடனே பிடித்து, சுற்றுவட்டாரம் முழுக்கச் சோதித்து, அதோடு நிறுத்தினார்கள். இரத்தம் கேட்டு வாசலில் நின்ற அந்த ஆள் மாதிரி நாலு பேர் இருந்தபடியால்தான்.

பெப்ரவரி 20, மாலை 6.15

மன்னாரில் கண்ட புது நுளம்பைப் பற்றி: அனோபிலிஸ் ஸ்டெபன்சி, 2016 கடைசியில் பிடிபட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைக் கொண்டு திரிவது அதுதான். இதற்கு ஆறும் வேண்டாம், வாய்க்காலும் வேண்டாம், கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். ஆற்றங்கரைக்காரரின் நோய் என்று ரவுணில் இருப்பவர்கள் இருந்துவிட முடியாது. தண்ணீர்த் தாங்கியின் மூடியைப் போய் ஒருக்கால் பாருங்கள். கிணற்றில் கப்பி மீன் விடுவது நல்லதா என்று கேட்ட லாத்தாவுக்கு, நல்லது, புழுவைத் தின்னும், குளோரின் போடும் நாளில் மட்டும் மீனைப் பிடித்து வாளியில் விடுங்கள்.

யானைக்கால் நோயும் இப்படியா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: அது புழு, கடத்துவது சாக்கடை நுளம்பு, ஒன்றிரண்டு கடியால் வராது, நெடுங்காலம் கடிபட வேண்டும். இலங்கையில் அது மேற்கு, தெற்குக் கரையோரத்து நோய். அதற்கும் 2016இல் சான்றிதழ் கிடைத்தது.

பெப்ரவரி 24, இரவு 8.50

மச்சானின் இரண்டாவது சிலைட்டிலும் இல்லை. தம்பி இனி என்னோடு கோபம் இல்லை என்கிறார், ஆனால் இன்னமும் வீண் வேலை என்றுதான் சொல்கிறார். சரி, அவர் அப்படியே இருக்கட்டும், மச்சான் இரத்தம் கொடுத்துவிட்டார் அல்லவா.

பெப்ரவரி 26, காலை 9.20

ஏப்ரலில் உகண்டாவுக்கு வேலைக்குப் போகும் தம்பிக்கு. போக முன்னம் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள், தடுப்புக் குளிசை இலவசம். எந்த நாடு, எத்தனை மாதம் என்று கேட்டுத்தான் தருவார்கள். மெஃப்லோகுயின் தந்தால் கிழமைக்கு ஒன்று, பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னமே தொடங்க வேண்டும், திரும்பி வந்தும் நாலு கிழமை போட வேண்டும், வந்து இறங்கியதும் நிறுத்துவதுதான் எல்லோரும் விடும் பிழை. முன்பு மனநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், வேறு குளிசை தருவார்கள். குளிசை போட்டாலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும். வலையை இங்கிருந்தே கொண்டுபோங்கள்.